17ஆம் நூற்றாண்டு வயலின் விநோதங்கள்: சோதனையா, பலகுரலா?

தந்தி: 1627இல் டிரெஸ்டனில் அச்சான, இத்தாலிய வயலின் கலைஞர் கார்லோ ஃபரீனாவின் ‘கப்ரிச்சியோ ஸ்ட்ராவகன்டே’யில் வயலின் நாயாகக் குரைக்கும், பூனையாகக் கத்தும். வில்லின் கட்டையாலேயே தந்தியைத் தட்டச் சொல்கிறார். ஐரோப்பிய வாத்திய இசையில் சோதனை என்றால் எனக்கு இதுதான்.

தொக்காட்டா: ஏற்க மாட்டேன். நாய், பூனை என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அது பலகுரல். பாட்டின் வரிகளைப் பிடித்து நடந்த வாத்தியம், வரியே இல்லாமல் எப்படி நிற்பது என்பதுதான் அன்றைய பெரிய கேள்வி. இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியின் 1615 தொக்காட்டா (விசைப்பலகை வாத்தியத்துக்கான, கட்டற்ற போக்குள்ள இசை) தொகுப்பு முன்னுரையைப் படியுங்கள். காலப்பிரமாணம் ஒரே சீராக ஓட வேண்டாம். முழுவதும் வாசிக்கக் கட்டாயமில்லை, விரும்பிய பகுதியோடு நிறுத்தலாம் என்கிறார். துணிச்சல் அங்கே இருக்கிறது.

தந்தி: வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான பீபரின் ஜெபமாலை சொனாட்டாக்களில் (வாத்திய இசைப் படைப்புகளில்) 11ஆவது? அதில் பிராணி எதுவும் இல்லையே. வயலினின் நான்கு தந்திகள் வழக்கமாக ஜி, டி, ஏ, ஈ. இதில் ஏ தந்தியை ஒரு முழுச்சுரம் இறக்கி, ஜி ஆக்கி, டி இருந்த இடத்தில் போட வேண்டும். டி தந்தி சுருதி மாறாமல் ஏ இடத்துக்குப் போகும். ஈ, டி-க்கு இறங்கும். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டைக்கு) பின்னாலும் பிருடைப் பெட்டியிலும் (தந்தி முறுக்கும் முளைகள் உள்ள தலைப்பகுதியிலும்) நடுத் தந்திகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். ஒரு விரலை இரு தந்திமேல் படுக்க வைத்தாலே ஸ்தாயி ஜோடி, அதாவது ஒரே சுரம் இரு ஸ்தாயிகளில். ஈஸ்டர் பாடல் அப்படியே இரட்டையாக ஒலிக்கும். விரல் வைக்கும் இடத்தைத்தான் சுரமாக எழுதியிருக்கிறார், கேட்கும் சுரம் வேறு.

பிருடை: வாசிக்க முயல்பவர்களுக்கு: நான்கையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், குதிரை விழும், உள்ளே நிற்கும் குச்சியும் சாயலாம். ஓரத் தந்திகள் இரண்டும் இருக்கட்டும். தடித்த டி, தந்தி பதியும் இடத்தில் ஏ-யின் குறுகிய பள்ளத்தில் இறுகிச் சுருதி குதிக்கும். பென்சில் கரி தடவுங்கள். குடல் தந்தி நிலைக்க நேரம் எடுக்கும், அதனால்தான் மேடையில் தனி வயலின் வைத்துக்கொள்கிறார்கள்.

தொக்காட்டா: குறுக்கே கடக்கும் அந்தத் தந்திகள், அதுவும் சிலுவைப் படம்தானே! கையெழுத்துப் பிரதியில் சொனாட்டாவுக்கு ஒரு செதுக்குச் சித்திரம் வேறு. அதே தொகுப்பின் கடைசியில் வரும் பாசகாலியாவைக் கேளுங்கள். சாதாரணச் சுருதி, துணை வாத்தியம் இல்லை, இறங்கும் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப. பீபரின் சோதனை அதுதான்.

தந்தி: அப்படியானால் பீபரின் 1673 போர் இசை ‘பட்டாலியா’? எட்டுப் பாடல்கள் வெவ்வேறு சுருதியில் ஒரே நேரத்தில். குடித்த சிப்பாய்கள் என்ற சாக்கு இல்லாமல் அந்த அபசுரத்தை அன்று யார் சபையில் ஏற்றியிருப்பார்கள்? நீங்கள் ஒதுக்கும் பலகுரல்தான் அதற்கு அனுமதிச் சீட்டு.