ஷியாமென் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி (நம்ம வீடு குழு)

பர்கூர் தம்பி, காலை 7:12
சீனாவுல ஷியாமென் கல் கண்காட்சிக்கு டிக்கெட் போடலாம்னு இருக்கேன். போன லோடுல போன பாரடிசோ கிரானைட் பிளாக்குல 6 பிளாக் அறுக்கும்போது விரிசல் வந்துச்சுன்னு, அதை வாங்கின ஷுய்தோ ஊர் சீனப் பார்ட்டி பணத்தைத் திருப்பிக் கேக்கறான். அப்படியே நேர்ல போய்ப் பேசி முடிச்சிட்டு வந்துடவா?

வக்கீல் அக்கா, 7:20
இருடா. கேஸ் போட்டுட்டானா, மெயில் மட்டும் தானா?

பர்கூர் தம்பி, 7:21
மெயில் தான்கா. கடைசி மெயில்ல கோர்ட்டுக்குப் போவேன்னு எழுதியிருக்கான்.

வக்கீல் அக்கா, 7:29
அப்ப டிக்கெட் போடாதே. சீனாவோட குடிவரவுச் சட்டம், 2013 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கு. அதுல 28ஆவது பிரிவைப் பாரு. முடியாத சிவில் வழக்கு இருந்து, வெளிய விடக்கூடாதுன்னு கோர்ட் முடிவு பண்ணிட்டா வெளிநாட்டுக்காரங்க கிளம்ப முடியாது. தீர்ப்பு வரணும்னு இல்ல, வழக்கு நிலுவையில இருக்கும்போதே கோர்ட் தடை போடலாம். தொழிலாளிக்குச் சம்பள பாக்கி வச்சாலும் இதே பிரிவுதான். அதுக்குக் கோர்ட்டுகூட வேண்டாம், மாகாண அரசே நிறுத்தலாம்.

அத்தை, 7:33
ஐயோ சாமி, ஜெயில்லயா போடுவாங்க?

வக்கீல் அக்கா, 7:38
இல்ல அத்தை. ரூம் எடுத்துத் தங்கலாம், ஊருக்குள்ள சுத்தலாம். நாட்டை விட்டு மட்டும் வெளிய வர முடியாது. ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் கவுன்ட்டர்ல பாஸ்போர்ட்டை வைக்கும்போதுதான் பல பேருக்கு விஷயமே தெரியும். முன்னாடியே நோட்டீஸ் வரும்னு நம்பி இருக்க முடியாது. தீர்ப்புக்குப் பிறகு பணம் கட்டாதவங்க பேரு அங்க கோர்ட் இணையதளத்துல வரும், ஆனா வெளியேறத் தடை இருக்கான்னு அதைப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது.

ஓசூர் மாமா, 7:51
மாப்ள, "கம்பெனிதான பாக்கி, எனக்கென்ன"ன்னு நினைக்காத. வழக்குல பேரு இருக்கறவர் மட்டுமில்ல, கம்பெனியோட சட்டப் பிரதிநிதி, பொறுப்பாளர் எல்லாரையும் நிறுத்துவாங்க. அயர்லாந்துக்காரர் ஒருத்தர், விமானக் குத்தகைக் கம்பெனி டைரக்டர். பிரச்சனை பண்ணினது கம்பெனித் தலைவர், அவரு ஜெயில்ல இருந்தாரு. இவரு 2019 பிப்ரவரில ஷாங்காய்ல மாட்டி, 2022 ஜனவரிலதான் வீடு வந்து சேர்ந்தாரு. கிட்டத்தட்ட மூணு வருஷம்.

சீனாவோட மொத்த வியாபாரச் சந்தை ஊரான யிவுல 2011 டிசம்பர்ல இன்னும் மோசம். முதலாளி கடன் வச்சிட்டு ஓடிட்டான், வேலைக்கு இருந்த நம்ம நாட்டுக்காரங்க ரெண்டு பேரை அங்கிருக்கற வியாபாரிங்களே பிடிச்சு வச்சாங்க. உதவிக்குப் போன இந்தியத் தூதரக அதிகாரி, சுகர் பேஷண்ட், கோர்ட்லயே மயங்கி விழுந்தாரு. அதுக்கப்புறம்தான் யிவுல வியாபாரம் வேண்டாம்னு தூதரகமே அறிவிப்பு விட்டுச்சு.

பர்கூர் தம்பி, 7:58
நம்மளது பார்ட்னர்ஷிப் தான. கையெழுத்து என்னோடது.

வக்கீல் அக்கா, 8:04
அதனாலதான் சொல்றேன். அவன் கேஸ் போட்டு, கூடவே "இவரு ஊருக்குப் போயிட்டா வழக்கு நடத்த முடியாது, பணமும் வராது"ன்னு மனு குடுத்தாப் போதும். கண்காட்சி தேதி அவனுக்கும் தெரியும், உன் ஸ்டாலோ பேட்ஜோ கண்ணுல படும். பிளைட் ஏறி நீயே அவன் கோர்ட் எல்லைக்குள்ள போய் நிக்கறே.

காவேரிப்பட்டணம் சித்தப்பா, 8:15
துபாய்க்கும் இது உண்டு. மாங்கூழ் அனுப்பறவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும். அங்க 10,000 திர்ஹாம் கடன் இருந்தாலே பயணத் தடை கேக்கலாம். 2022 ஜனவரி 2ல இருந்து செக் திரும்பினா பெரும்பாலும் கிரிமினல் இல்லன்னு மாத்தினாங்க. அதைக் கேட்டுட்டு நிறைய பேரு நிம்மதியா இருக்காங்க, அது தப்பு. திரும்பின செக்கையே தீர்ப்பு மாதிரி வச்சுக்கிட்டு நேரா நிறைவேற்றுக் கோர்ட்டுக்குப் போகலாம், அங்க பயணத் தடை வேகமா விழும். செக்யூரிட்டிக்குன்னு குடுத்த தேதி போடாத செக் இருந்தா, கணக்கு முடிச்ச அன்னைக்கே கையில திரும்ப வாங்கிடணும்.

பர்கூர் தம்பி, 8:22
சரி, போகல. ஆனா போனவங்க மாட்டிக்கிட்டா என்னதான் பண்றது?

வக்கீல் அக்கா, 8:41
சீனாவுல மாட்டிக்கிட்டா வேற ஏர்போர்ட் வழியா முயற்சி பண்ணவே கூடாது. சிஸ்டம் ஒண்ணுதான், தப்பிக்கப் பாத்தான்னு கோர்ட்ல சொல்ல அதுவே சாட்சியாயிடும். எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண்ணுன்னு கேட்டு வாங்கணும். அங்க வெளிநாட்டுக்காரங்க வக்கீல் வச்சா சீன வக்கீல்தான் வைக்கணும். நம்மூர்ல எழுதற பவர் பத்திரத்துக்கு நோட்டரி, தூதரக அத்தாட்சின்னு நாளாகும், அதனால பிரச்சனை தொடங்கும்போதே அதைத் தயார் பண்ணிடு.

விசாவை மறக்கறாங்க பாரு, அது பெரிய தப்பு. தடை இருக்குன்னு விசா தானா நீளாது. முடியறதுக்கு 7 நாள் முன்னாடியே உள்ளூர் போலீஸ்ல நீட்டிக்க மனு குடுக்கணும். விட்டா ஒரு நாளைக்கு 500 யுவான், 10,000 வரைக்கும் அபராதம், இல்லன்னா 5 முதல் 15 நாள் காவல்.

தடையை எடுக்கணும்னா கேட்ட தொகைக்குக் கோர்ட்ல ஜாமீன் கட்டணும், இல்ல சமாதானம் பண்ணணும். சமாதானம்னா பணத்தை அவன் சொந்தக் கணக்குல போடாதே, கோர்ட் கணக்கு வழியாப் போடு. "தடையை நீக்க மனுதாரர் இத்தனை நாளுக்குள்ள மனு குடுப்பார்"னு ஒப்பந்தத்துலயே வரி இருக்கணும். பணம் வாங்கினவன் கோர்ட்டுக்குத் தகவல் சொல்லலன்னா தடை அப்படியே நிக்கும். நீக்கின உத்தரவு எல்லைச் சோதனைக்குப் போய்ச் சேந்துச்சான்னு வக்கீலை விட்டு உறுதி பண்ணிட்டு, அந்தக் காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடு.

அத்தை, 8:44
நம்ம தூதரகம் கூட்டிட்டு வராதா?

ஓசூர் மாமா, 8:49
தடையை எடுக்க அவங்களுக்கு அதிகாரம் இல்லக்கா. வக்கீல் பட்டியல் குடுப்பாங்க, வந்து பாப்பாங்க, அங்க அதிகாரிங்ககிட்ட பேசுவாங்க. ஷியாமென் இருக்கற ஃபுஜியன் மாகாணம் குவாங்சோவுல இருக்கற நம்ம துணைத் தூதரகத்துக்குக் கீழ வருது, அந்த நம்பரை வீட்லயும் எழுதி வைக்கணும். யாராச்சும் ரூம்ல அடைச்சு வச்சா அது வேற, உடனே 110க்கு (அங்க போலீஸ் நம்பர்) போன். "கடத்தி வச்சிருக்காங்க"ன்னு சொல்லணும். பணத் தகராறுன்னு ஆரம்பிச்சா போலீஸ் சிவில்னு சொல்லி ஒதுங்கிடும்.

மாப்ள, அவனை ஹாங்காங் வரச் சொல்லு. அங்க இமிக்ரேஷன் தனி, சீனக் கோர்ட் தடை அங்க செல்லாது. ஆனா பிளைட் நேரா ஹாங்காங் போகணும், ஷியாமென்ல இறங்கிப் போகாத.

வக்கீல் அக்கா, 8:55
ஒப்பந்தத்துல தகராறுக்கு என்ன எழுதியிருக்கு?

பர்கூர் தம்பி, 9:02
சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன், கோர்ட்டுக்குப் போகாம நடுவர் வச்சுத் தீத்துக்கறது.

வக்கீல் அக்கா, 9:06
நல்லது. அவன் அங்க கேஸ் போட்டா, முதல் விசாரணைக்கு முன்னாடியே ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்குன்னு ஆட்சேபனை குடுத்துடணும். அதைப் பேசாம வழக்குல ஆஜராகிப் பதில் சொன்னா, அந்தக் கோர்ட்டை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நம்மூர் கோர்ட் டிக்ரியை அங்க நிறைவேத்தறது ரொம்பக் கஷ்டம். ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை வேற நாட்டுல நிறைவேத்த 1958 நியூயார்க் ஒப்பந்தம் இருக்கு, சீனாவும் அதுல சேர்ந்திருக்கு.

ஓசூர் மாமா, 9:14
விரிசல் எங்க வந்துச்சுன்னு இப்ப எப்படி நிரூபிப்ப? ஏத்தறதுக்கு முன்னாடி பிளாக்கை நல்லாக் கழுவிக் காய விட்டீங்களா? மேல் ஈரம் காஞ்ச பிறகும் விரிசல் இருக்கற இடத்துல மட்டும் கருப்புக் கோடு நிக்கும், கோடு இருக்கா இல்லையான்னு அவன் ஆளு முன்னாடியே காட்டி போட்டோ எடுத்துருக்கணும்.

பர்கூர் தம்பி, 9:20
அவங்க இன்ஸ்பெக்டர் குவாரிக்கு வந்து, பெயிண்ட்ல நம்பர் போட்டு, நெட் அளவு (கழிவு போக மீதி அளவு) எழுதி அளவுத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. 6ல 4 பிளாக்குக்குத்தான் ஈரத்தோட எடுத்த போட்டோ இருக்கு.

வக்கீல் அக்கா, 9:23
அந்த 4க்கும் போட்டோ, அளவுத் தாள், ஒப்பந்தம், எல்லா மெயிலும் எனக்கு அனுப்பு. மீதி 2 பிளாக்குக்கு மட்டும் விலை குறைச்சுக் கணக்கு போடலாம். அவனுக்கு நீயா பதில் எழுதாதே, "மன்னிக்கணும்"னு ஒரு வார்த்தைகூட வேண்டாம், அதையே ஒத்துக்கிட்டான்னு காட்டுவான்.

பர்கூர் தம்பி, 9:25
மதியத்துக்குள்ள ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்கா.