1440பி மானிட்டருக்கான நடுத்தர பட்ஜெட் கேமிங் கணினி: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

கேள்வி:

வணக்கம். ஏழு ஆண்டுகளாக உழைத்த என் பழைய கணினியை மாற்ற முடிவு செய்திருக்கிறேன். இம்முறை பாகங்களை நானே தேர்ந்தெடுத்துப் பூட்டப் போகிறேன். 27 அங்குலம், 2560 × 1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் கொண்ட மானிட்டரை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். பெரும்பாலும் பெரிய திறந்தவெளி உலகங்களைக் கொண்ட கதை விளையாட்டுகளை ஆடுவேன். வார இறுதியில் தம்பியோடு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளும் உண்டு.

பிராசசருக்கு ரைசன் 7 7700எக்ஸ், அதைக் குளிர்விக்க 240 மி.மீ. லிக்விட் கூலர், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ கிராபிக்ஸ் கார்டு, ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்.எஸ்.டி. என்று எழுதி வைத்திருக்கிறேன். பவர் சப்ளைக்குத் தனியாகப் பணம் மிஞ்சவில்லை என்பதால் கேபினட்டோடு சேர்த்துத் தரும் 500 வாட் சப்ளையையே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். மொத்தத் தொகையைக் கூட்ட வழியில்லை. இதே தொகைக்குள் எதைக் குறைத்து எதைக் கூட்டுவது என்று சொல்லுங்கள்.

மறுமொழி 1:

மானிட்டரை முதலில் முடிவு செய்தது நல்லது, ஏனென்றால் மற்ற எல்லாமே அதை ஒட்டித்தான் அமைய வேண்டும். 1080பி (1920 × 1080) திரையில் 20,73,600 பிக்சல்கள் இருக்கின்றன. உங்கள் திரையில் 36,86,400. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும், ஏறக்குறைய 1.8 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும், அந்தச் சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் விழுகிறது. கதை விளையாட்டுகளில் பிராசசர் தன் பங்கை முடித்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கும். ஆகவே ஆறு கோர் கொண்ட ரைசன் 5 7600-க்கும் எட்டு கோர் கொண்ட 7700எக்ஸுக்கும் இந்தத் திரையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அரிதாகவே இருக்கும். மேலும், 7600-இன் பெட்டிக்குள்ளேயே கூலர் வருகிறது, 7700எக்ஸில் வருவதில்லை. பிராசசரிலும் லிக்விட் கூலரிலும் மிச்சமாகும் பணத்தைக் கொண்டு அதே கார்டின் 16 ஜிபி வகையை வாங்குங்கள். ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யிலும் 16 ஜிபி வகை உண்டு, அதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

8 ஜிபி ஏன் போதாது என்பதைச் சராசரி ஃபிரேம் எண்ணிக்கை காட்டிக் கொடுக்காது. கார்டின் நினைவகம் நிரம்பியதும் டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்கள்) கணினியின் ரேமுக்குத் தள்ளப்படுகின்றன. தேவைப்படும்போதெல்லாம் அவற்றை மதர்போர்டு வழியாகத் திரும்ப இழுத்து வர வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினால் படம் ஒரு நொடி திக்கும். எதிரே நிற்கும் செங்கல் சுவர் ஈரக் களிமண் பூசியதுபோல் மங்கலாக இருந்துவிட்டு, நீங்கள் அதைக் கடக்கும் நேரத்தில்தான் கல் கல்லாகத் தெளியும். டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தால் திக்கல் நிற்கும். ஆனால் இவ்வளவு நல்ல திரையை வாங்கிவிட்டு அதில் மங்கலான சுவர்களைப் பார்ப்பதற்கு மனம் ஒப்பாது.

ரேமை ஒரே ஸ்டிக்காக வாங்காதீர்கள். இரண்டு ஸ்டிக்குகளை இட்டால்தான் இரட்டைச் சேனலின் (ரேமை ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் அணுகுவது) முழு வேகமும் கிடைக்கும். 6000 வேகத்தில் இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகள் இந்த பிராசசருக்குப் பொருத்தமானவை.

மறுமொழி 2:

மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். நான் பவர் சப்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அதே தவறை நான் செய்து பட்டிருக்கிறேன். கேபினட்டோடு வந்த சப்ளையை வைத்துத்தான் என் கணினியைப் பூட்டினேன். படம் பார்க்கும்போதும் எழுதும்போதும் ஒரு குறையும் இல்லை. விளையாட்டில் வெடிப்புகள் நிறைந்த காட்சி வந்தால் மட்டும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் கணினி பட்டென்று அணைந்துவிடும். கார்டுதான் பழுது என்று நினைத்து ஒரு வாரம் டிரைவரை மாற்றினேன், விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினேன். கடைசியில் நண்பரின் சப்ளையைக் கொண்டுவந்து மாட்டியபின் கணினி ஒருமுறைகூட அணையவில்லை.

சப்ளையின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாமல், பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிராசசரும் கார்டும் அந்த வரிசையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அங்கே 30 ஆம்பியர் என்று இருந்தால், பெயர் 500 வாட்டாக இருந்தாலும் அவற்றுக்குக் கிடைப்பது 360 வாட்தான். நீங்கள் சொல்லும் கார்டு 180 வாட்வரை எடுக்கும். 7600 முழு வேலையில் 90 வாட்டை ஒட்டி எடுக்கும். கூட்டிப் பார்த்தால் போதும்போலத் தோன்றும். ஆனால் கார்டு சில மில்லி விநாடிகளுக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும், அந்த நொடியில்தான் மலிவான சப்ளை கைவிடுகிறது. நல்ல 650 வாட் சப்ளைக்குப் பணம் ஒதுக்குங்கள், வேண்டுமானால் கேபினட்டின் கண்ணாடியையும் வண்ண விளக்குகளையும் விட்டுவிடுங்கள். சப்ளையில் இருக்கும் 80 பிளஸ் முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது, பாதுகாப்புச் சுற்றுகள் தரமானவை என்பதற்கு அது சான்று ஆகாது. இன்னொன்று: ஒரு மாடுலர் சப்ளையின் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) கேபிளை வேறொரு சப்ளையில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை மாறியிருக்கலாம். அப்படிச் செருகினால் எஸ்.எஸ்.டி. கருகிவிடக்கூடும்.

மறுமொழி 3:

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை மட்டும் தனியே பார்க்க வேண்டும். அவற்றில் காட்சித் தரத்தைக் குறைத்து 165 ஃபிரேம்களை எட்டப் பார்ப்போம்; அப்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 6 மில்லி விநாடிதான், எல்லையை வகுப்பதும் பிராசசர்தான். வார இறுதி ஆட்டத்துக்கு 7600 தாராளமாகப் போதும். பின்னாளில் அதில் ஆர்வம் கூடினால், அதே ஏஎம்5 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட 7800எக்ஸ்3டி போன்ற ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பிராசசர் இல்லாமலே புதுப்பிப்பது) உள்ள பி650 மதர்போர்டாகத் தேர்ந்தெடுத்தால் அந்த நாளில் சிரமம் இருக்காது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. 7600, 16 ஜிபி கார்டு, இரண்டு 16 ஜிபி ரேம், 650 வாட் சப்ளை என்று மாற்றிவிட்டேன். கேபினட்டும் முன்பக்கம் வலையுள்ள எளிய வகைதான். பெட்டியில் வரும் கூலர் சத்தம் போடுமா? முதல் முறை கணினியை இயக்கும்போது கவனிக்க வேண்டியவை எவை?

மறுமொழி 1:

சுமை கூடும்போது சத்தம் கேட்கும், ஆனால் வெப்பத்தை அது சமாளித்துவிடும். தொந்தரவாக இருந்தால் பிறகு 120 மி.மீ. விசிறியுள்ள ஏர் கூலரை மாட்டிக்கொள்ளலாம்.

முதல் முறை பொத்தானை அழுத்தியதும் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 ரேமை மதர்போர்டு அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. பதறிப்போய் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். ரேமைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கினால்தான் 6000 வேகம் வரும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள், பிறகு விண்டோஸ் அமைப்பில் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அது 60-லேயே நின்றுவிடக்கூடும்.