புது சொலிசிட்டர் அலுவலகம்: வங்கிகளின் பனலில் இடம் பிடிப்பது எப்படி? (இங்கிலாந்து)

ஹரோக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஒரு நடுத்தர அலுவலகத்தில் ஏழு வருடமாக வீடு வாங்கல் விற்றல் வேலைதான் பார்க்கிறேன். இப்போது என்னோடு படித்த ஒருவரும் நானுமாகச் சேர்ந்து சொந்தமாகத் தொடங்கப் போகிறோம், சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பான எஸ்ஆர்ஏயின் அனுமதிக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று. வேலை தெரியும், ஆட்களும் வருவார்கள், பயம் அதில் இல்லை. பனல்தான் பயம், அதாவது தன் வீட்டுக் கடன் வேலையைச் செய்ய ஒரு வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியல். எங்கள் சனம் போன் எடுத்தால் முதல் கேள்வி "எவ்வளவு எடுப்பீங்கள்", அடுத்த கேள்வி "என்ர பாங்குக்கு நீங்கள் செய்வீங்களோ". இரண்டாவதற்கு இல்லை என்று சொன்னால் கதை அத்தோடு முடிந்தது, ஏனென்றால் வங்கி தனக்கு வேறு சொலிசிட்டரை வைக்கும், அந்தச் செலவும் வாங்குபவர் தலையில்தான் விழும். இப்போது வேலை செய்யும் இடத்தில் பனல் எல்லாம் எப்போதோ எடுத்து வைத்தது, யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பூச்சியத்திலிருந்து எங்கே தொடங்குவது? இரண்டு பேர் போதுமா? காரணம் சொல்லாமலே தூக்கிவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

பழைய_ஃபைல்:

தங்கச்சி, முதலில் ஒன்று. பனல் என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வங்கிக்கும் கட்டடச் சங்கத்துக்கும் தனித்தனிப் பட்டியல், தனித்தனி நிபந்தனை. ஒன்றில் சேர்ந்தால் மற்றதிலும் சேர்ந்ததாக ஆகாது.

ஆனாலும் தொடங்கும் இடம் ஒன்றுதான்: சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி வீடு வாங்கல் விற்றல் வேலைக்குக் கொடுக்கும் சிக்யூஎஸ் தரச் சான்று. 2011இல் வந்தது. வீட்டுக் கடன் மோசடிகளைப் பார்த்துப் பயந்த வங்கிகளுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று பெரிய வங்கிகள் பல அதைக் கட்டாயம் கேட்கின்றன. அலுவலகத்தில் ஒருவர் அதற்குப் பொறுப்பாளராக இருக்க வேண்டும், எழுதிய நடைமுறைகள் இருக்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் பயிற்சி முடிக்க வேண்டும். இணையத்தில் விலைக்கு வாங்கிய ஒரு நடைமுறைக் கோப்பைப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள், சோதனைக்கு வருகிறவர் ஃபைலைத் திறந்து அந்தக் கோப்பில் இருப்பதைத்தான் செய்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்.

அப்புறம் லெண்டர் எக்ஸ்சேஞ்ச் மாதிரியான தளங்கள். நிறுவன விவரம், காப்புறுதி, பங்காளிகள், முந்தைய முறைப்பாடுகள் எல்லாவற்றையும் அதில் போட்டால் அதில் இருக்கும் வங்கிகள் அங்கேயே பார்த்துக்கொள்ளும். வருடக் கட்டணம் உண்டு. காப்புறுதியில் எஸ்ஆர்ஏ கேட்கும் குறைந்த அளவு, லிமிடெட் கம்பனி அல்லது எல்எல்பி என்றால் ஒரு கோரிக்கைக்கு 30 இலட்சம் பவுண்ட், தனியாள் அல்லது சாதாரணப் பங்காண்மை என்றால் 20 இலட்சம்.

இரண்டு பேர் போதுமா என்று கேட்டீர்கள். நல்ல வேளை இரண்டு பேர். தனியாளை எடுக்காத வங்கிகள் இருக்கின்றன. ஒரே ஆளிடம் கையெழுத்தும் கிளையன்ட் கணக்கும் இருந்தால் அவர் படுத்துவிட்டாலும் ஆபத்து, ஓடிவிட்டாலும் ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. 2008 சரிவுக்குப் பிறகு வங்கிகள் பட்டியலைச் சுருக்கத் தொடங்கியபோது முதலில் அடிபட்டது சின்ன அலுவலகங்கள்தான். 2012 தொடக்கத்தில் எச்எஸ்பிசி தன் பனலை 43 நிறுவனமாகச் சுருக்கியபோது ஹை ஸ்ட்ரீட் சொலிசிட்டர்கள் எல்லாம் கொதித்துப்போனார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள் என்றாலும், கதவு யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

தூக்குவது உண்மை. வருடத்துக்கு இத்தனை கேஸ் அனுப்பவில்லை என்றாலே நீக்குகிற வங்கிகளும் உண்டு. பெரும்பாலும் இரண்டு வரிக் கடிதம் வரும், காரணம் வராது.

கடைசி_மேசை:

பழைய ஃபைல் அண்ணை சேருவதைச் சொல்லிவிட்டார். நான் இருப்பது கம்ப்ளீஷனுக்கு (காசு கட்டி வீடு கைமாறும் நாள்) பிறகு வரும் வேலையில், அதாவது வாங்கினவர் சாவியை வாங்கிப் பால் காய்ச்சி முடித்து எங்களை மறந்த பிறகு தொடங்கும் வேலை. பனல் போவது பெரும்பாலும் இந்த மேசையில்தான், அக்கா.

வங்கி காசு அனுப்புவது தன்னுடைய சார்ஜ், அதாவது வீட்டின் மேல் உள்ள அடமான உரிமை, லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசாங்கக் காணிப் பதிவில் முதலாவதாக ஏறும் என்ற நம்பிக்கையில். அதற்கு நீங்கள் அந்தப் பதிவில் ஓஎஸ்1 என்ற தேடல் எடுக்கிறீர்கள், வேறு யாரும் உங்களுக்கு முன்னால் ஏறாமல் அது 30 வேலை நாள் பாதுகாப்புத் தருகிறது. அந்த 30 நாள் தொடங்குவது தேடல் எடுத்த நாளில், கம்ப்ளீஷன் நாளில் அல்ல. எங்களுக்கு வந்த ஒரு புதுப் பிள்ளை இரண்டு வாரம் முன்பே எடுத்து வைத்துவிட்டு, சாவி கொடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. முத்திரை வரிப் பத்திரத்தை 14 நாளுக்குள் போட வேண்டும், அதைப் போட்டதற்கான சான்று இல்லாமல் பதிவும் நகராது. இடையில் விற்றவருடைய பழைய வங்கி கடன் தீர்ந்ததை உறுதி செய்யப் பிந்தும், லீஸ்ஹோல்ட் (நிலம் வேறொருவருடையது, வீடு நீண்ட காலக் குத்தகை) என்றால் நிலச் சொந்தக்காரனின் ஏஜன்ட் ஒரு சான்றுக்கு ஒரு மாதம் இழுப்பான். பாதுகாப்பு நாள் கடந்த பிறகு வேறு யாராவது அந்த வீட்டில் ஒரு சார்ஜைப் பதிந்துவிட்டால் வங்கி பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன விளக்கம் எழுதினாலும் வேலை இல்லை.

காசு விஷயத்தில் ஒரு வழக்கைச் சொல்கிறேன், எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வேன். ஏஐபி வங்கி 33 இலட்சம் பவுண்ட் கடன் கொடுக்கிறது. அதே வீட்டில் பார்க்ளேஸுக்கு இரண்டு கணக்கில் கடன் இருந்தது. சொலிசிட்டர் அலுவலகம் ஒரு கணக்கின் தொகையை மட்டும் மொத்தம் என்று நினைத்துக் கட்டிவிட்டது. குறை 3,09,000 பவுண்ட். பார்க்ளேஸ் முதலாவது இடத்தை விடவில்லை. கடன் வாங்கியவர்கள் கட்டாமல் போனார்கள், வீடு 12 இலட்சத்துக்கு விற்றது. வங்கி தன் நட்டம் முழுவதையும், ஏறக்குறைய 25 இலட்சத்தைக் கேட்டது. 2014இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தவறால் உண்மையில் வந்த நட்டம் மட்டும்தான் என்று 2,73,777 பவுண்டோடு நிறுத்தியது. அதுகூட ஒரு போன் எடுத்து "இது ஒரு கணக்குக்கா, எல்லாவற்றுக்குமா" என்று கேட்டிருந்தால் வந்திருக்காது. நான் இன்றைக்கும் கேட்கிறேன், அந்தப் பக்கம் எரிச்சல்படுகிறார்கள், படட்டும்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள். விலாசம், ஓஎஸ்1 முடியும் நாள், வரி, பதிவு, இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், கம்ப்யூட்டரில் இருப்பதை ஒருவரும் திறப்பதில்லை.

குரோய்டன்_ராசா:

நான் சொலிசிட்டர் இல்லை, வீடு வாங்கினவன். அடிபட்டவன் என்று சொல்வதுதான் சரி. கடன் ஆஃபர் வந்து, சர்வே முடிந்து, அடுத்த கிழமை எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தம் உறுதியாகும் நாள்) என்று இருக்கும்போது எங்கள் சொலிசிட்டர் எடுத்து "உங்கள் வங்கியின் பனலில் நாங்கள் இப்போது இல்லை" என்றார். ஏன் என்று துருவினால், காப்புறுதி புதுப்பித்திருக்கிறார்கள், ஆனால் புதுச் சான்றைத் தளத்தில் ஏற்றவில்லையாம், நினைவூட்டல் மின்னஞ்சல் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெட்டிக்குப் போயிருக்கிறது. நாங்கள் வேறு ஆள் பிடித்து, அடையாளம் காட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்து, ஐந்து கிழமை போயிற்று. மனைவி இன்னும் அந்தச் சொலிசிட்டரின் பெயரை வீட்டில் சொல்ல விடுவதில்லை.

அதனால் அக்கா, அந்த மின்னஞ்சல் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல்: மோர்ட்கேஜ் முடிவான உடனே, காசு கட்டும் முன், "இந்த வங்கியின் பனலில் இன்றைக்கு இருக்கிறீர்களா" என்று எழுத்தில் கேளுங்கள். பொதுவாக எல்லா வங்கிக்கும் செய்வோம் என்ற பதிலை நம்ப வேண்டாம்.

ஹரோக்காரி:

எல்லோருக்கும் நன்றி, பலகை நாளைக்கே வாங்குகிறேன். இன்னும் ஒன்று. எங்கள் ஆட்களின் டெபாசிட் பாதி சீட்டுக் காசு, மீதி மச்சான் தந்தது, கனடாவிலிருந்து சித்தி அனுப்பியது என்றுதான் வருகிறது. காசு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது தெரியும், செய்கிறோம். ஆனால் நான் திருப்திப்பட்ட பிறகும் அதை வங்கிக்குச் சொல்ல வேண்டுமா? மற்றது, என்னுடைய முதல் ஃபைல் அநேகமாகத் தமயனின் வீடாக இருக்கும்...

பழைய_ஃபைல்:

இது இரண்டு வேறு கேள்வி, பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கறுப்புப் பணமா என்று பார்ப்பது உங்கள் சட்டக் கடமை. அதில் நீங்கள் திருப்திப்படுவது வேறு, வங்கிக்குச் சொல்வது வேறு. வங்கிகளின் சங்கமான யூகே ஃபைனான்ஸ் சொலிசிட்டர்களுக்கு வைத்திருக்கும் விதி நூலை, அந்த ஹாண்ட்புக்கை எடுத்துப் பாருங்கள், முதல் பகுதி எல்லோருக்கும் பொது, இரண்டாம் பகுதி ஒவ்வொரு வங்கிக்கும் தனி. கடன் போக மிச்சக் காசை வாங்குபவர் தன் சொந்தக் காசிலிருந்து தரவில்லை என்று தெரிந்தால் வங்கிக்கு அறிவிக்க வேண்டும். மச்சான் தந்தது என்றால் அது அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கு கேட்பாரா என்பதை வங்கி தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டு இன்னும் சிக்கலானது. எடுத்தவர் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டி இருந்தால் அது ஒரு கடன் மாதிரித்தான், கொப்பியில் எழுதிய பெயர்ப்பட்டியலைத் தவிர வேறு ஆதாரமும் இருக்காது. நான் இந்த மாதிரி வந்தால் முதல் நாளே கேட்டுவிடுவேன்: "வங்கிக்கு இதை எழுதுவேன், சம்மதமா?" சம்மதம் இல்லை என்றால் வங்கிக்குக் காரணம் சொல்லவும் முடியாது, மறைத்துக்கொண்டு செய்யவும் முடியாது, ஒதுங்க வேண்டியதுதான். அந்த ஆள் அடுத்த தெருவில் வேறு ஒருவரிடம் போவார். போகட்டும்.

விற்பவர் ஆறு மாதத்துக்குள் வாங்கியவர் என்றாலும் இதே கதை, வங்கிக்குப் போக வேண்டும். 1990களில் போவர்மன் வழக்கில் வாங்குபவர் 2,20,000 பவுண்டுக்கு வாங்குகிறார், விற்பவரோ அதே ஃபிளாட்டை 1,50,000க்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது சொலிசிட்டருக்குத் தெரிந்தது. வாங்குபவருக்குச் சொன்னார், வங்கிக்குச் சொல்லவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பிழை என்றது. உங்களுக்கு எப்போதும் இரண்டு கிளையன்ட், ஒருவர் மட்டும் முன்னால் வந்து இருந்து தேத்தண்ணீர் குடிப்பார்.

அம்மா அப்பா கூட இருக்கப் போகிறார்களா என்றும் கேளுங்கள். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் அந்த வீட்டில் குடியிருந்தால் அதையும் வங்கியின் இரண்டாம் பகுதியோடு வைத்துப் பார்க்க வேண்டும், பல வங்கிகள் அவர்களின் கையெழுத்தைக் கேட்கும்.

தமயனின் வீட்டை நீங்கள் தொட வேண்டாம். நெருங்கிய குடும்பத்தினர் கடன் வாங்குகிறபோது நீங்கள் வங்கிக்காகச் செய்ய முடியாது. உங்கள் பங்காளி செய்யலாமா என்பது அந்த வங்கி அனுமதிப்பதைப் பொறுத்தது, முதலில் எழுதிக் கேளுங்கள்.

ஹரோக்காரி:

தமயனுக்குப் போன் எடுத்தேன். "அப்ப எனக்கு டிஸ்கவுண்ட் இல்லையோ" என்று மட்டும்தான் கேட்டான்.