கிங் கிரிம்ஸன்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

வடகரைவாசி

அனைவருக்கும் வணக்கம். ஓராண்டாகப் பிங்க் ஃபிளாய்ட், ஜெத்ரோ டல் ஆகிய இரு குழுக்களையும் விடாமல் கேட்டு வருகிறேன். நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசையான புரோக்ரசிவ் ராக் பற்றி எதைப் படித்தாலும் கிங் கிரிம்ஸன் என்ற ஆங்கிலேயக் குழுவின் பெயரே முதலில் வந்து நிற்கிறது. ஆகவே சென்ற மாதம் அவர்களுடைய முதல் ஆல்பமான, 1969இல் வெளிவந்த 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்ஸன் கிங்'கை எடுத்துக் கேட்டேன். முதல் பாடலின் ஆவேசம் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பாடலின் புல்லாங்குழல் அந்தப் பதற்றத்தையெல்லாம் ஆற்றிவிட்டது. மூன்றாவதாக வரும் 'எபிடாஃப்' பாடலை அன்றிரவே மூன்று முறை கேட்டேன். நான்காவதான 'மூன்சைல்ட்' பாடலில்தான் நின்றுவிட்டேன். இரண்டரை நிமிடத்தில் பாட்டு ஓய்ந்துவிட, அதன்பின் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் இங்கொரு சொட்டும் அங்கொரு தட்டுமாக ஏதோ நடக்கிறது. நான்கு முறை முயன்றும் அதைத் தாண்ட என்னால் முடியவில்லை.

சரி, வேறொன்றைக் கேட்போம் என்று 2003இல் வெளிவந்த 'தி பவர் டு பிலீவ்' ஆல்பத்தைப் போட்டேன். குரலும் கிட்டாரின் ஒலியும் தாளமும் அடியோடு மாறியிருந்தன. பெயரைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவுமே என் காதில் படவில்லை.

நான் இசை பயின்றவன் அல்லன். வேலைக்குப் போகும் பேருந்தில் ஹெட்ஃபோனில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கேட்கிறேன். சிறந்த ஆல்பம் எது என்ற வாதம் எனக்கு இப்போது வேண்டாம். இந்தக் குழுவுக்குள் நுழைய எது நல்ல வாசல், அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஒலிப்பேழை

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு ஆல்பங்களிலும் இருக்கும் ஒரே மனிதர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் மட்டுமே. 1969 முதல் 2021 வரை, இடையிடையே நீண்ட இடைவெளிகளோடு, இந்தப் பெயரில் இயங்கிய எல்லா அணிகளிலும் தொடர்ந்து இருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். சிலர் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் வந்தார்கள். அதனால் கிங் கிரிம்ஸனை ஒரு குழுவாக நினைத்து வரிசையாகக் கேட்கத் தொடங்குகிறவர் பெரும்பாலும் உங்களைப் போலத்தான் குழம்பிப் போவார். ஒரே பெயரில் இயங்கிய மூன்று நான்கு குழுக்கள் என்று எண்ணிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

என் பரிந்துரை 1974இல் வெளிவந்த 'ரெட்'. அதற்குக் காரணம் இருக்கிறது. 'எபிடாஃப்' உங்களைப் பிடித்து இழுத்தது என்கிறீர்கள். அதில் பின்னணியில் வயலின் கூட்டம் போலப் பெருகி வருவது மெல்லோட்ரான் என்ற கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில், முன்பே ஒலிப்பதிவு செய்த காந்த நாடாத் துண்டு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு வினாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் ஒலி தொடரும். அந்த ஒலியில் ஒரு நடுக்கமும் ஏக்கமும் இருப்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஸ்டார்லெஸ்' அதே மெல்லோட்ரானோடுதான் தொடங்குகிறது. ஆக, நீங்கள் ஏற்கெனவே விரும்பிய ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டே, ஐந்தாண்டுகளில் இந்தக் குழு எங்கே வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்துவிடலாம்.

அப்போது குழுவில் மூவரே இருந்தார்கள்: ஃபிரிப், பாஸ் வாசித்துப் பாடிய ஜான் வெட்டன், டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்ட். ஆல்பத்தின் முகப்பில் கறுப்புவெள்ளையில் இந்த மூன்று முகங்கள்தான் இருக்கும். பின்புறத்தில் ஓர் அளவுமானியின் முள் சிவப்புப் பகுதிக்குள் போய் நிற்கும். மொத்தம் ஐந்தே உருப்படிகள், நாற்பது நிமிடங்கள். முதல் உருப்படியில் பாட்டே கிடையாது. கிட்டாரும் பாஸும் சேர்ந்து பாறையை நகர்த்துவது போல ஒலிக்கும். 'ஒன் மோர் ரெட் நைட்மேர்' வரும்போது டிரம்ஸைக் கவனியுங்கள். தகரத்தை அடிப்பது போன்ற ஓர் ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். குப்பையில் கிடந்த, மடங்கிப்போன ஒரு சிம்பலை எடுத்து வந்து புரூஃபோர்ட் வாசித்தது அது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான்காவதாக வரும் 'பிராவிடன்ஸ்', அமெரிக்காவில் அதே பெயருள்ள ஊரில் நடந்த கச்சேரியில் மேடையிலேயே அந்தக் கணத்தில் உருவான வாசிப்பு. 'மூன்சைல்ட்' உங்களுக்குத் தந்த அதே அலுப்பை இதுவும் தரக்கூடும். முதல் தடவை அதைத் தாண்டிவிட்டு நேரே 'ஸ்டார்லெஸ்'ஸுக்குப் போனாலும் குற்றமில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடப் பாடலைத் தயவுசெய்து பேருந்தில் கேட்காதீர்கள். வீட்டில், இடையில் யாரும் கூப்பிடாத ஒரு பொழுதில் கேளுங்கள்.

தாளக்காரன்

முன்னவர் சொன்னதில் எனக்கு ஒரு பகுதியில் உடன்பாடில்லை. 'ரெட்' மகத்தான ஆல்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு குழு முடிவுக்கு வரும் நேரத்தின் ஆல்பம். அது கடைக்கு வருவதற்கு முன்பே ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். அந்தக் கனமும் இருளும் எல்லாருக்கும் முதல் நாளே ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவருக்கு 1981இல் வந்த 'டிசிப்ளின்' ஆல்பத்தையே நான் கொடுப்பேன். அதற்கு முன் வந்த எதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தேவையே அதில் இல்லை.

ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு ஃபிரிப்பும் புரூஃபோர்டும் இரண்டு அமெரிக்கர்களோடு சேர்ந்து தொடங்கிய அணி அது. பாடகரும் கிட்டார் கலைஞருமான ஏட்ரியன் பெலூ ஒருவர். மற்றவர் டோனி லெவின். லெவின் பாஸ் கிட்டாரோடு, சாப்மன் ஸ்டிக் என்ற கருவியையும் வாசித்தார். அதில் பத்துத் தந்திகள் இருக்கும். தந்தியை மீட்டாமல் இரண்டு கைவிரல்களாலும் தட்டியே வாசிக்க வேண்டும். இந்த அணிக்கு முதலில் டிசிப்ளின் என்றுதான் பெயர் வைத்தார்கள். பழைய பெயரை எடுத்துக்கொண்டது அதன் பிறகுதான். இவ்வளவு மாறிய இசையைப் பழைய பெயரில் கேட்ட அந்நாளைய ரசிகர்கள் பலர் திகைத்துப் போனதில் வியப்பில்லை.

நான் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன். 'ஃபிரேம் பை ஃபிரேம்' என்ற பாடலை முதன்முதலில் கேட்டபோது கை தன்னால் ஏழு எண்ணத் தொடங்கியது. இரண்டு கிட்டார்களும் ஏழு ஏழாக ஒரே கோர்வையை இழைகின்றன. ஓரிடத்தில் ஒரு கிட்டார், இரண்டு ஏழு சேர்ந்த பதினான்கில் ஒரு சுரத்தை விட்டுவிட்டுப் பதின்மூன்றாக வாசிக்கிறது. மற்றது அப்படியே நிற்கிறது. இரண்டும் மெல்ல மெல்ல விலகுவதையும் பிறகு வந்து சேருவதையும் கேட்கும்போது கிடைக்கும் இன்பத்துக்கு இசைக்கல்வி எதுவும் தேவையில்லை. இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று என்று பிரிந்து ஒலிப்பதால் ஹெட்ஃபோனில் கேட்கும் உங்களுக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஜாவா, பாலித் தீவுகளின் கமலான் இசையில் பல கருவிகள் சிறுசிறு சுரக்கோர்வைகளை ஒன்றோடொன்று பின்னுவார்களே, அதன் தாக்கம் இங்கே நன்றாகவே கேட்கும்.

அறிவுக்கு மட்டுமே உரிய ஆல்பம் இது என்று எண்ணிவிடாதீர்கள். 'தேலா ஹன் ஜின்ஜீத்' என்ற பாடலின் நடுவே ஒருவர் பதறிப்போய்ப் பேசுவது கேட்கும். பாடலுக்காகத் தெரு ஓசைகளைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு இலண்டன் தெருவில் நடந்த பெலூவை ஒரு கும்பல் மறித்து மிரட்டியது. அவர்களிடமிருந்து தப்பி வந்தவரை அடுத்துக் காவலர்கள் நிறுத்தினார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் திரும்பி அவர் நடுக்கத்தோடு நடந்ததைச் சொன்னபோது, ஃபிரிப் அவருக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்ய வைத்துவிட்டார். நாம் கேட்பது அந்த உண்மையான பதற்றத்தைத்தான். அதே ஆல்பத்தில் 'மட்டே குடசாய்' போன்ற மென்மையான காதல் பாடலும் இருக்கிறது. 'ரெட்'டைக் கேட்டு மனம் கனத்துப்போனால் இதற்கு வாருங்கள்.

இரவுக்குரல்

இருவருமே முதல் ஆல்பத்தை விட்டு நகர்ந்துவிடச் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது. நண்பர் ஐந்தில் மூன்றை விரும்பிவிட்டார், ஒன்றில் நின்றுவிட்டார், ஐந்தாவதைக் கேட்டதாகவே எழுதவில்லை. அப்படியானால் ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாடலே அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை.

இயன் மெக்டொனால்ட், கிரெக் லேக், மைக்கேல் ஜைல்ஸ், ஃபிரிப், பாடல்கள் எழுதிய பீட்டர் சின்ஃபீல்ட் ஆகியோரின் அந்த முதல் அணி ஓராண்டு கூட முழுதாக நிலைக்கவில்லை. 1969 ஏப்ரலில் முதல் கச்சேரி. ஜூலை 5ஆம் நாள் இலண்டன் ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு முன்பாகப் பெருங்கூட்டத்தின் நடுவே வாசித்தார்கள். அக்டோபரில் ஆல்பம் வந்தது. டிசம்பருக்குள் மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலக முடிவெடுத்துவிட்டார்கள். முகப்பில் அலறும் அந்தச் சிவந்த முகத்தை வரைந்த பேரி காட்பர் கணினித் துறையில் வேலை பார்த்தவர். ஆல்பம் வெளிவந்த சில மாதங்களிலேயே இளம் வயதில் இறந்துவிட்டார். இந்த ஆல்பத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்று இது என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

'மூன்சைல்ட்' பற்றி ஒரு யோசனை. பாட்டு முடிந்ததும் நீங்கள் அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கிறீர்கள்; அதனால்தான் அந்த ஒன்பது நிமிடங்கள் நீளுகின்றன. அங்கே மெட்டு எதுவும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு, கிட்டாரும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும், டிரம்ஸும் ஒன்றுக்கொன்று மெல்லப் பதில் சொல்வதை மட்டும் கேளுங்கள். பேருந்தின் இரைச்சலில் அது நிச்சயம் கேட்காது. அந்த நிசப்தத்துக்குள் இருந்துவிட்டு வருகிறவருக்குத்தான், அடுத்து டிரம்ஸ் உருண்டு இறுதிப் பாடல் மெல்லோட்ரானோடு எழும் கணம் முழுமையாகக் கிடைக்கும். ஒரே ஒரு முறை இந்த வழியில் முயன்று பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் தயங்காமல் தாண்டிச் செல்லுங்கள்.

இதற்கு அடுத்து வந்த 'இன் தி வேக் ஆஃப் பொசைடன்', 'லிசர்ட்', 'ஐலண்ட்ஸ்' மூன்றையும் இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அவற்றுக்கு நேரம் வரும்.

வடகரைவாசி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

'ரெட்'டை முதலில் கேட்டேன். 'ஸ்டார்லெஸ்'ஸுக்காக ஞாயிற்றுக்கிழமை இரவு வரை காத்திருந்தேன். முதல் நான்கு நிமிடங்கள் நான் எதிர்பார்த்தபடியே 'எபிடாஃப்' பாடலின் உறவுக்காரனாகத்தான் இருந்தன. பாட்டு நின்றபின் பாஸ் தனியாக ஒரு சுழலைத் தொடங்க, கிட்டார் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. இது எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதை மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். அதற்குள் நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்திருந்தேன். எல்லாம் வெடித்து ஓடி முடிந்த பின், தொடக்கத்தில் கேட்ட அதே மெட்டு திரும்ப வந்தபோது கண் கலங்கிவிட்டது. 'மூன்சைல்ட்'டையும் இரவில் கேட்டேன். இன்னும் முழுதாக ஒட்டவில்லை. ஆனால் இறுதிப் பாடல் எழும் இடம் நீங்கள் சொன்னபடியே இருந்தது. 'டிசிப்ளின்' இப்போது பேருந்துக்கு உரியதாகிவிட்டது.

ஒரு குழப்பம் மட்டும் இருக்கிறது. 'ஸ்டார்லெஸ்' பிடித்துப்போனதால் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தை எடுத்தேன். அதில் அந்தப் பாடலே இல்லை!

பழைய ஒலிப்பேழை

அந்தப் பெயரில் ஏமாறாதவர்கள் குறைவு, நானும் ஏமாந்திருக்கிறேன். அந்த ஆல்பமும் 1974தான்; 'ரெட்'டுக்கு முன்பு வந்தது. பெயர்ப்பாடலாக அதில் இருப்பது முற்றிலும் வேறான, பாட்டில்லாத ஓர் உருப்படி. அந்தச் சொற்றொடர் 'ஸ்டார்லெஸ்' பாடலின் வரிகளிலும் வருவதால்தான் இந்தக் குழப்பம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி மேடையில் பதிவானது, குறிப்பாக 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபோ அரங்கில் வாசித்தவை. கைத்தட்டலை நீக்கிவிட்டதால் கூடத்தில் பதிவு செய்தது போலத் தோன்றும். இந்த அணி மேடையில் எப்படி வாசித்தது என்பது ஓரளவு பழகிய பிறகு அதற்குத் திரும்புங்கள். அதற்கு 'யுஎஸ்ஏ' என்ற நேரடிக் கச்சேரி ஆல்பம் நல்ல துணை.

நீங்கள் அடுத்துப் போக வேண்டியது 1973இல் வந்த 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. 'ரெட்'டில் நீங்கள் கேட்ட வெட்டனும் புரூஃபோர்டும் குழுவுக்கு வந்து சேர்ந்த ஆல்பம் அதுதான். கூடவே டேவிட் கிராஸின் வயலினும், கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கிய ஜேமி மியூரின் தாளமும் இருக்கின்றன. மியூர் அந்த ஓர் ஆல்பத்தோடு குழுவை விட்டு விலகிப் பௌத்த மடத்துக்குச் சென்றுவிட்டார்.

கேட்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். முதல் உருப்படி கட்டைவிரலால் மீட்டும் சிறு கருவியின் மெல்லிய ஓசையோடு, மணிகளின் சிணுங்கலோடு, காதை நெருக்கி வைத்தாலும் சரியாகக் கேட்காத அளவில் சில நிமிடங்கள் நடக்கும். சத்தம் போதவில்லை என்று நினைத்து ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். வயலின் ஒரே சுரக்கோர்வையை இழுக்கத் தொடங்கியதும் கை ஹெட்ஃபோன் பக்கம் தயாராக இருக்கட்டும். அதற்குப் பின் கிட்டார் வந்து இறங்கும் வேகத்துக்கு, கூட்டிவைத்த ஒலியோடு உட்கார்ந்திருந்தால் காது தாங்காது.