குழாய், வடிகாலுக்குக் கணினியில் மாடல் போடுபவர்களுக்கு: மாடல் பொய்த்து இன்னும் உறுத்துகிற ஒரு நாள்

கால்வாய்க்கரை:
2021 நவம்பர், சென்னை. பக்கிங்காம் கால்வாயில் விழும் ஒரு மழைநீர் வடிகாலுக்கு எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற வடிகால் கணக்கு மென்பொருளில் மாடல் போட்டவன் நான். திரையில் ஒரு மேன்ஹோல்கூட நிரம்பவில்லை. ராத்திரி அந்தத் தெருவுக்குப் போனேன். மழை விட்டு அரை மணி ஆகியும் கம்பி மூடி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்துகொண்டிருந்தது. அதோடு ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து, வேரோடு. அது தெருவில் முளைக்கிற செடியா? கால்வாய்தான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அவுட்ஃபாலுக்கு, அதாவது வடிகால் கால்வாயில் விழும் வாய்க்கு, நான் கொடுத்திருந்தது ‘ஃப்ரீ’: கால்வாய் மட்டம் தடுக்காமல் தண்ணீர் வெளியேறும் என்று.

லெவல்புத்தகம்:
அவுட்ஃபால் மட்டும் காரணமாக இருக்காது. ரூட்டிங்கில், அதாவது தண்ணீர் ஓடுவதைக் கணக்கிடும் முறையில், கைனமாட்டிக் வேவ் வைத்திருப்பீர்கள். அதில் கால்வாய் மட்டத்தை எவ்வளவு ஏற்றினாலும் தண்ணீர் பின்னால் வராது. பின்னோட்டத்தையும் கணக்கிடும் டைனமிக் வேவுக்கு மாற்றுங்கள். டைம் ஸ்டெப்பை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) சில நொடிகளாகக் குறையுங்கள், கன்டினியூட்டி எரரை (தண்ணீர் வரவு செலவுக் கணக்கு இடிக்கிற அளவு) பாருங்கள். கடல் ஏற்றத்தையும் சேருங்கள். டைட் கேட் (வெளித் தண்ணீர் வடிகாலுக்குள் திரும்பாமல் தடுக்கும் கதவு) வைத்து ஒரு தடவை, வைக்காமல் ஒரு தடவை ஓட்டுங்கள். என் கதை சின்னது: பாதாளச் சாக்கடை மாடலில் ஒரு இன்வர்ட் லெவல், அதாவது குழாயின் உள் அடிமட்டம், ஒரு மீட்டர் தப்பு. மூடியைத் திறந்து அளந்த பிறகுதான் தெரிந்தது.

கடைமடை:
அவர் ஆலோசனை கேட்கவில்லையே, நடந்ததைச் சொன்னார். என்னுடையது குடிநீர்க் குழாய் மாடல், ஈபாநெட் 2.0 என்ற மென்பொருளில். கடைசித் தெரு நோடில், அதாவது மாடலில் அந்தக் குழாய்ப் புள்ளியில், 7 மீட்டருக்கு மேல் பிரஷர் காட்டியது; தண்ணீர் அந்த உயரம் ஏறும் என்று அர்த்தம். நேரில் போனால், வாசலில் இடுப்பளவு குழி. அதற்குள் இறங்கி ஒரு அக்கா, நூல் மாதிரி வரும் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். “மேலே வைத்தால் ஏறாது தம்பி” என்றார். ஊரில் தண்ணீர் விடுவது தினம் ஒரு மணி நேரம். நான் தேவையை 24 மணி நேரத்துக்குப் பரப்பிவிட்டேன். ஓட்டம் 24 மடங்கானால் ஹேசன்-வில்லியம்ஸ் என்ற சூத்திரத்தின்படி குழாய் உராய்வில் பிரஷர் இழப்பு சுமார் 360 மடங்கு. பிரஷரைப் பொறுத்துத் தண்ணீர் கொடுக்கும் கணக்கு 2020இல் வந்த ஈபாநெட் 2.2இல்தான் சேர்ந்தது. ஆனால் ஒரு மணி நேரம் என்பதை நான் அந்தத் தெருவில் கேட்டிருக்கலாம்.

கால்வாய்க்கரை:
லெவல்புத்தகம், டைனமிக் வேவ்தான் வைத்திருந்தேன். கால்வாய் மட்டம் கைக்கு வரவில்லை, ‘ஃப்ரீ’ என்று விட்டுவிட்டேன். வெள்ளம் வடிந்ததும் பாலத்தூணில் இருந்த சேற்றுக்கறையை டேப் வைத்து அளந்து மாடலில் போட்டேன். அதே மூடி நிரம்பி வழிந்தது.