ரியூனியன் தீவில் ஒரே ஒரு மலை ஏறலாம் என்றால் எது?

கேள்வி – பாறைப்பித்தன்
ஆகஸ்டில் மொரீசியஸ் போகிறோம், அப்படியே ரியூனியனுக்கும். ஒரு மலைக்குத்தான் நேரம். எரிமலை என்றாலே இன்றும் குமுறும் ஃபூர்நேஸுக்குப் போகச் சொல்கிறார்கள். தீவின் மிக உயரமான பிதோன் தெ நேஜ் (3,070 மீட்டர்) ஓய்ந்துபோன மலைதானே, அங்கே பார்க்க என்ன இருக்கிறது? மனைவிக்குச் செடிகொடிகளில் ஆர்வம்.

மறுமொழி – கடலோடி
ஃபூர்நேஸ்தான். எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு வரை காரிலேயே போகலாம். நேஜுக்கு எல்லாரும் போவது சூரிய உதயத்துக்காக. நள்ளிரவுக்கு மேல் தலைவிளக்கோடு ஏறிக் குளிரில் நடுங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள்.

மறுமொழி – தீவுக்காரி
அந்தத் தலைவிளக்கு ஊர்வலத்தைத்தான் எனக்குப் பிடிக்காது. இருட்டில் ஏறினால் மலையில் முக்கால் பங்கைப் பார்க்காமலே திரும்புகிறீர்கள்.

ரியூனியனைக் கடலுக்கு மேலே கொண்டுவந்ததே இந்த மலைதான். இதற்கு அடியில், பூமியின் ஆழத்திலிருந்து சூடான பாறை மேலெழும் இடத்தை வெப்பப்புள்ளி என்பார்கள்; அதே வெப்பப்புள்ளிதான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளைக் கொட்டியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பாறைப்பித்தன் ஐயா, மகாபலேஸ்வரத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய கரும்பாறைக்கு இது தம்பி முறை.

உச்சியைச் சுற்றிச் சிலாவோஸ், சலாஸி, மஃபாத் என்று மூன்று பெரும் பள்ளங்கள். பலர் எரிமலை வாய் என்று நினைக்கிறார்கள்; அப்படியல்ல. நைந்துபோன பாறை சரிந்து சரிந்து, மழை அரித்து அரித்து உண்டானவை. எப்பேர்ப்பட்ட மழை? 1952 மார்ச்சில் சிலாவோஸில் 24 மணி நேரத்தில் 1,870 மில்லிமீட்டர். சென்னைக்கு ஓராண்டு முழுவதும்கூடச் சராசரியாக அவ்வளவு பெய்வதில்லை. மஃபாத்துக்கு இன்றும் சாலை கிடையாது. நடக்க வேண்டும், அல்லது ஹெலிகாப்டர்.

உங்கள் மனைவிக்கு: சிலாவோஸிலிருந்து பகலில் ஏறுங்கள். முதலில் ஈரக்காடு, பிறகு இடுப்பளவு எரிக்கா புதர்கள், கடைசியில் வெறும் செங்கரடு. நேரமிருந்தால் சலாஸிக்கு மேலே பெலூவ் காட்டையும் பாருங்கள். புயலில் வளைந்து படுத்தபடியே வளரும் தாமரின் என்னும் வேல மர இனம் அங்கே உண்டு. அது ஹவாய்த் தீவுகளின் ‘கோவா’ (koa) என்னும் வேல மரத்திலிருந்து பிரிந்தது என்று 2014-இல் மரபணு ஆய்வு காட்டியது. நடுவே 18,000 கிலோமீட்டர்! விதை எப்படி வந்தது என்று நினைத்தால் எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது.

பாறைப்பித்தன்
நன்றி அம்மா. பறவைகள்?

தீவுக்காரி
டெக்டெக் என்னும் குட்டிப் பறவை வழியெல்லாம் கூடவே வரும். இம்மலையில் வளை தோண்டி முட்டையிடும் பரோ பெட்ரல் கடற்பறவை செப்டம்பர் வாக்கில்தான் திரும்பும், உங்களுக்குக் கிடைக்காது. அதன் குஞ்சுகள் ஏப்ரலில் முதன்முறை பறக்கும்போது தெருவிளக்கில் மயங்கி விழுவதால், அந்த நாள்களில் ஊர்கள் விளக்கை அணைக்கின்றன.

காவெர்ன் துஃபூர் மலைவிடுதியில் முன்பதிவு செய்துவிடுங்கள். 2,478 மீட்டர் உயரம், கம்பளி வேண்டும். இரவு அங்கே தங்கி, விடிந்தபின் உச்சிக்குப் போங்கள். முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும், அதற்குள் இறங்கத் தொடங்குங்கள்.

கடலோடி
மழை பிடித்துக்கொண்டால்?

தீவுக்காரி
மழை பிடித்தால் உங்கள் ஃபூர்நேஸும் தெரியாது, ஐயா.