தமிழ் வீட்டுப்பாடத்துக்குக் குரல் பதிவு: வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

பொங்கோல் அம்மா:
தொடக்கநிலை 4 பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்தல் பதிவு அடிக்கடி வருகிறது. ஒரு பத்தியை வாசித்து அனுப்ப வேண்டும். சில வாரம் படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசவும் வேண்டும். கையில் இருப்பது ஒரு போன்தான். வீட்டிலேயே அமைதியான இடம் பம் ஷெல்டர், அதாவது சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை. அங்கே வைத்துப் பதியலாமா? மைக் வாங்கத்தான் வேண்டுமா? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

தோ பாயோ ஒலிப்பதிவாளர்:
பம் ஷெல்டர் வேண்டாம்மா. வெளிச்சத்தம் அங்கே குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாலு பக்கமும் கான்கிரீட், கதவு இரும்பு. பிள்ளையின் குரல் சுவரில் பட்டுத் திரும்பத் திரும்ப மைக்கில் வந்து விழும். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். மின்விசிறி இரைச்சலைப் பிறகு ஓரளவு குறைத்துவிடலாம். எதிரொலியை எடுப்பது மிகக் கடினம், எடுத்தாலும் குரலின் இயல்பு போய்விடும். ல, ள, ழ மூன்றும் முதலில் குழம்புவது எதிரொலியில்தான்.

படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாமே ஒலியை உறிஞ்சும். துணி அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, பிள்ளையைத் துணிகளைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். போன் இரண்டுக்கும் நடுவில். தரை டைல்ஸ் என்றால் காலடியில் ஒரு போர்வையை மடித்துப் போடுங்கள். பிறகு ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் அறை தயார். ஓர் இழுவை தொடர்ந்து கேட்டால் இன்னும் துணி வேண்டும்.

அறைக்கு அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் 15 முதல் 20 செ.மீ., அதாவது ஒரு சாண். தூரம் இருமடங்கானால் நேரே வரும் குரல் சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். அறையின் எதிரொலியோ குறையாமல் அப்படியே இருக்கும். மேசையின் அந்தப் பக்கம் போனைச் சாய்த்து வைத்துப் பதிந்தால் குரல் மங்கி அறை மட்டும் பெரிதாகக் கேட்பது இதனால்தான். விலை உயர்ந்த மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வைப்பதைவிடச் சாதாரண போனை ஒரு சாணில் வைப்பது மேல். தொடக்கப்பள்ளி வேலைக்கு மைக் வாங்கவே தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

போனில் பேசும் மைக் கீழ் விளிம்பில், சார்ஜ் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளை கையில் பிடித்தால் உள்ளங்கை அதை மூடிவிடும், விரல் உரசலும் பதிவாகும். அதனால் நாலைந்து புத்தகங்களை அடுக்கி, மேலே மடித்த துண்டைப் போட்டு, கீழ் விளிம்பு பிள்ளையைப் பார்க்கும்படி போனைப் படுக்க வையுங்கள். வாய்க்கு நேராக வேண்டாம், கடைவாய்ப் பக்கமாகச் சற்று விலகி இருக்கட்டும். தமிழ்ப் பகரம் ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் வரும் பகரத்தைப் போல அவ்வளவு காற்றைத் தள்ளாது. ஆனாலும் ‘பட்டம் பறந்தது’ என்று பிள்ளை உற்சாகமாக வாசிக்கும்போது நேராக இருக்கும் மைக்கில் ‘புஸ்’ஸென்று அடிக்கும். விலக்கி வைத்தால் அது நடக்காது.

தொடங்கும் முன் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், சார்ஜர் ஒயரைக் கழற்றுங்கள். சில மலிவு சார்ஜர்களால் மெல்லிய ரீங்காரம் பதிவில் ஏறும்.

யீஷூன்காரர்:
நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எம்ஆர்டி மேல்தடத்தில் ஓடுவதால் பல புளோக்குகளில் ரயில் சத்தத்துக்கு ஜன்னலை மூடியே ஆக வேண்டும். மூடினால் புழுங்கும். ஏர்கானை 20 நிமிடம் முன்பே போட்டு அறையைக் குளிரவிட்டு, பதிவு தொடங்கும்போது ஏர்கான், மின்விசிறி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடப் பதிவுக்கு அந்தக் குளிர் தாராளம். விடியற்காலையில் குயில் விடாது கூவும், வார நாள் பகலில் புல்வெட்டும் இயந்திரம். பக்கத்து வீட்டில் ரினோவேஷன் என்றால் ஞாயிற்றுக்கிழமை பாருங்கள், அன்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அந்த வேலைக்கு அனுமதி இல்லை.

ஜூரோங் டியூஷன் டீச்சர்:
நான் அழுத்திச் சொல்ல விரும்புவது புளூடூத் இயர்போன் வேண்டாம் என்பதைத்தான். பாட்டுக் கேட்க அது நன்றாக இருக்கும். மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலானவை தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும். மாதிரி விகிதம், அதாவது வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். 8 என்றால் அதில் பாதியான 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எதுவும் பதிவாகாது. ஸ போன்ற ஒலிகளின் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. ஒயர் வைத்த பழைய இயர்போனே மேல். அதன் மைக் சட்டைக் காலரில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சொல் ஈறு. ‘எனக்கு’, ‘பேச்சு’, ‘வந்தது’ போன்ற சொற்களின் கடைசி உகரம் இயல்பாகவே மெலிந்து ஒலிக்கும். இரைச்சலை அடக்கும் வசதி கடுமையாக இருந்தால் அந்த உகரத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். பிள்ளை சரியாக உச்சரித்திருந்தும் பாதிச் சொல்லை விழுங்கியதுபோல் கேட்கும். உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் பயிற்சியில் இது பிள்ளைக்கு அநியாயம். அனுப்பும் முன் நல்ல இயர்போனில் சொல் ஈறுகளை மட்டும் கவனித்து ஒருமுறை கேளுங்கள்.

தாளில் அச்சடித்தால் எழுத்து 18 புள்ளி அளவில், ஒரே பக்கமாக இருக்கட்டும். பக்கம் புரட்டும் சரசரப்பு மைக்கில் பெரிதாகக் கேட்கும். தவறினால் அந்தச் சொல்லிலிருந்து தொடராமல் வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு தவறிய பகுதியை வெட்டி ஒட்டும்போது தையல் தெரியாது.

பொங்கோல் அம்மா:
நன்றி டீச்சர். ‘நம்ம ஊர்’ தலைப்புக்குப் பின்னணியில் வீணை வாசித்துக்கொண்டே பேச வேண்டுமாம். அதற்கும் இதே முறைதானா?

தோ பாயோ ஒலிப்பதிவாளர்:
இல்லம்மா. வீட்டுப்பாடம் அனுப்பும் இணையத்தளத்திலேயே நேராகப் பதிந்தால் பிரவுசர் தானாக இரைச்சலை அடக்கப் பார்க்கும். நீண்டு நிற்கும் வீணை நாதம் அதற்கு மின்விசிறி ஓசை மாதிரிதான், மெல்ல மெல்ல விழுங்கிவிடும். போனின் சொந்தப் பதிவுச் செயலியில் பதிந்து, கோப்பாக ஏற்றுங்கள். மைக்கிலிருந்து வாய் இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் வீணையை வையுங்கள்.

செங்காங் அப்பா:
கோப்பு விவரம் நான் சொல்கிறேன். சுருக்காத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் நிமிடத்துக்கு சுமார் 5.3 எம்பி, ஸ்டீரியோ என்றால் இருமடங்கு. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பிக்குள் அடங்கும், பேச்சுக்கு அது போதும். ஐபோன் வாய்ஸ் மெமோஸ் தருவது எம்4ஏ. பெயரின் கடைசியை எம்பி3 என்று மாற்றி எழுதினால் கோப்பு மாறிவிடாது, முறையாக மாற்ற வேண்டும். வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பியதை எடுத்து ஏற்றாதீர்கள், அது ஏற்கனவே நன்றாக நசுக்கப்பட்டது.

வீட்டில் விண்டோஸ் அல்லது மேக் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தச் செயலி இலவசம். குரோம்புக்கில் அது நேரடியாக ஓடாது. எம்4ஏ கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரலையும் நிறுவ வேண்டும்.

பதியும்போது பேச்சுக்கு முன் 5 வினாடி யாரும் பேசாமல் விடுங்கள். ஆடாசிட்டியில் அந்த 5 வினாடியைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போய் ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, அதே இடத்தில் இரைச்சலை 6 டெசிபல் மட்டும் குறைத்துவிடுங்கள். 12, 15 என்று ஏற்றினால் டீச்சர் சொன்ன சொல் ஈறுதான் முதலில் போகும், குரலும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் குமிழும். கடைசியாக ‘நார்மலைஸ்’ கொடுத்துப் பதிவின் உச்ச ஒலியை -1 டெசிபலுக்குக் கொண்டுவாருங்கள். பதியும்போதே உச்சம் -12 முதல் -6 டெசிபல் வரை நிற்க வேண்டும். 0-ஐத் தொட்டு அலை தட்டையாகிவிட்டால் பிறகு எதைச் செய்தும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, போனை இன்னொரு விரற்கடை தள்ளி வைத்து மறுபடி பதியுங்கள்.

கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். வகுப்பும் வருகைப் பதிவேட்டு எண்ணும் போதும். முழுப் பெயரோ அடையாள அட்டை எண்ணோ வேண்டாம்.